பூஜைக்கு வைத்த லேப்டாப்

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று முழுக்கக் கழுவல் வேலைதான். நாளை ஆயுத பூஜை. கம்பெனி என்று போர்டில் எழுதியிருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது சட்டைக்குக் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுக்கிற மிஷின் இரண்டு, பட்டன் கட்டுகிற மிஷின் ஒன்று, ஒரு அயர்ன் டேபிள். அவ்வளவுதான் இந்தக் குழந்தைவேலுவின் சாம்ராஜ்யம். ஆனாலும் பூஜைக்கு முதல் நாள் அதைத் துடைத்து எடுக்கிற சுகம் இருக்கிறதே, அது வேறு எதிலும் வராது. வருஷம் பூராவும் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கெட்டிப்பட்டுக் கிடந்ததை மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டி, துணியைப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். வேலைக்கு வரும் பானு, "அண்ணா, இதுல மொகம் பாத்துப் பொட்டே வெச்சுக்கலாமுங்க" என்று கேலி பண்ணினாள். பண்ணட்டும். திருப்பூரில் என் மிஷின் மாதிரி சுத்தமான மிஷின் எவன் வைத்திருக்கிறான்?

வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. வண்டி, கிரைண்டர், மிக்ஸி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் குளியல் ஆயிற்று. வீட்டுக்காரி கலாமணி பொரி, கடலை, பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அப்போதுதான் அவளுடைய லேப்டாப் கண்ணில் பட்டது.

இத்தனை வருஷத்தில் அதை ஒருதரம்கூட நான் பூஜையில் வைத்ததில்லை. அவள் அதில்தான் ஏதோ ஒரு ஆபீஸுக்கு டேட்டா என்ட்ரி செய்கிறாள். ஆடி நோன்புக்கு அவள் அண்ணன் வந்திருந்தபோது, "பொட்டி தட்டறதெல்லாம் ஒரு வேலையா?" என்று சும்மா இருக்க முடியாமல் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். தப்புத்தான் என்று அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. சரி, மிஷினோடு மிஷினாக அதையும் சாமி முன்னால் வைத்துவிடலாம், புரிந்துகொள்வாள் என்று தோன்றியது.

பட்டன்களுக்கு நடுவில் முறுக்குத் தூள், முடி, அழுக்கு. தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு, துணியை முக்கி, நன்றாகப் பிழிந்துதான் துடைத்தேன். சந்துக்குள் துணி போகவில்லை. பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து வரிசை வரிசையாகத் தேய்த்தேன். பிறகு பார்த்தால் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

கலாமணி பையோடு உள்ளே வந்தவள் பதறிப் போனாள்.

"ஏனுங்க, அத எதுக்குங்க எடுத்தீங்க?"

"பூஜைக்குத்தான். உன்ற தொழிலுக்கு உண்டானதாச்சே. அதையும் வெக்கோணுமில்ல?"

பையைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப்பையும் என் கையிலிருந்த பிரஷ்ஷையும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரீட்சை வேறு இருக்கிறது. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆபீஸ் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதி ஆர்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வீட்டிலிருந்தே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். அதுவும் இந்த லேப்டாப்பைத்தான் பதிவு பண்ணியிருக்கிறாள், வேறு எதிலும் எழுத முடியாது. நாற்பத்தைந்துக்கு மேல் ஆள் எடுக்க மாட்டார்கள். இவளுக்குத் தை பிறந்தால் நாற்பத்தைந்து முடிகிறது. ஆகையால் இது ஒன்றுதான் அவளுக்கு வாய்ப்பு.

அக்டோபர் 1, புதன்

காலையில் கம்பெனியில் பூஜை, சாயங்காலம் வீட்டில். லேப்டாப்பை நடுவில் வைத்தேன். மூடியின் மேல் சந்தனம் கரைத்துத் தாராளமாகப் பொட்டு வைத்து, குங்குமம் இட்டு, செவ்வந்திப் பூ வைத்தேன். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சாம்பிராணிப் புகையில் வீடே மணந்தது. கலாமணி பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

பொரி சாப்பிட்டு முடித்ததும் மெல்லக் கேட்டாள். "மாமா, ஒருக்கா ஆன் பண்ணிப் பாத்துக்கட்டுங்களா? நாளான்னைக்குப் பரீட்ச. கை பழக்கம் உட்டுப் போயிருமாட்ட இருக்குது."

"சாமிக்கு வெச்சத நாளைக்கு விஜயதசமியன்னைக்குத்தான் எடுக்கோணும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களே இன்னைக்குப் புஸ்தகத்தத் தொடாது. உனக்கு ஒரு நாள் பொறுக்க முடியாதா?"

"சரிங்க" என்று போய்விட்டாள். பிறகு பார்த்தால், டிவி முன்னால் உட்கார்ந்து முட்டியின் மேல் பத்து விரலாலும் தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அக்டோபர் 2, வியாழன்

கெரகம்.

காலையில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். வெளிச்சம் வந்தது. பாஸ்வேர்டு போடும் இடத்தில் அவள் கை வைக்கும் முன்னாலேயே புள்ளி புள்ளியாக ஓட ஆரம்பித்தது. அழித்தால் மறுபடி ஓடுகிறது. என்ன விழுகிறது என்று பார்த்தாள். ஏழு. 7777 என்று தானாகவே விழுந்துகொண்டிருக்கிறது, யாரும் தொடாமல்.

என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "மாமா, தொடைக்கறப்போ தண்ணி கிண்ணி பட்டுதுங்களா?"

"தண்ணியா? காஞ்ச துணியிலதான் தொடச்சேன். உள்ள தூசி போயிருக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சத்தியமாகத் தெரியவில்லை. முந்தாநாள் அவள் சிரித்த சிரிப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. அது போய்விடுமே என்று வாய் முந்திக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கிருபாகரனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சாமி முன்னாடி இருக்குதுங்க. பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம், எடுக்கோணும். வாங்க, மொத வேல உங்களுதுதான்" என்றான். அவன் சொல்வதற்கு நான் என்ன சொல்ல முடியும்? நேற்று நானும் அதையேதான் சொன்னேன்.

பத்தரைக்கு அவன் கற்பூரம் காட்டித் தட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். எடுத்துக்கொண்டே கேட்டான். "தண்ணி, டீ ஏதாச்சும் ஊத்திருச்சுங்களா? ஒளிக்காமச் சொல்லுங்க. தண்ணி பட்டிருந்தா கீபோர்டையே கழட்டி மாத்திப்புடலாம். ஸ்டாக்ல ஒண்ணு கெடக்குது, மத்தியானத்துக்குள்ள ஆயிரும். தூசின்னா மேலாப்புல க்ளீன் பண்ணாப் போதும்."

கலாமணி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"தூசிதான்" என்றேன்.

அவள் லேப்டாப்பை அவனிடம் நீட்டினாள்.

அவன் ஏதோ ஸ்பிரே அடித்து, பிரஷ்ஷால் தட்டி, ஊதி, திறந்து காட்டினான். ஏழு வரவில்லை. எல்லா எழுத்தும் விழுந்தது. "நாளைக்கு வெளிய இருந்து வேற கீபோர்டு மாட்டிக்கிட்டாக்கூடச் சௌகரியந்தானுங்க" என்றான். பரீட்சையில் அதற்கு அனுமதியில்லை என்று கலாமணி சொன்னாள்.

சாயங்காலம் வரை தட்டித் தட்டிப் பார்த்தாள். நன்றாகவே ஓடியது. அப்பாடா என்று மாகாளியம்மன் கோயிலில் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

பத்து மணிக்குப் பரீட்சை. கம்பெனிக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். ரூமுக்குள் வேறு ஆள் வந்தால் கேமரா பிடித்துவிடும், பரீட்சை செல்லாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. அத்தனை வேகமாக அவள் தட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அடுத்த ரூமில்தான் இருந்திருக்கிறேன், ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறேனா? ஊசி துணியில் இறங்குகிற மாதிரி, விடாமல், ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அட, இவள் இவ்வளவு கெட்டிக்காரியா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். சத்தம் நின்றது. பிறகு ஒரே பட்டனை டக் டக் டக் என்று தட்டுகிற சத்தம். அழிக்கிறாள். மறுபடி நாலு வார்த்தை தட்டுகிறாள், மறுபடி டக் டக் டக். எனக்குப் புரிந்துவிட்டது. ஏழு திரும்ப வந்துவிட்டது. அவள் எழுத எழுத அது ஓடுகிறது, அவள் அழித்து அழித்து எழுதுகிறாள்.

எழுந்து கதவில் கை வைத்தேன். உள்ளே போனால் பரீட்சையே செல்லாது. போய்த்தான் என்ன செய்யப் போகிறேன்? கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "ஐயோ, ஐயோ" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்குச் சத்தம் அடங்கிற்று. ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பாதிதானுங்க எழுத முடிஞ்சுது" என்றாள். பிறகு, "பசிக்குதுங்களா? சோறு போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

அக்டோபர் 4, சனி

காலையில் உப்புமா. மத்தியானமும் அதே உப்புமா. ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

லேப்டாப் இப்போது ஆன் ஆகவே மறுக்கிறது. அரிசியில் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதைக் கேட்டு, கலாமணி இல்லாத நேரம் பார்த்து, அரிசி டிரம்முக்குள் அதைப் புதைத்து வைத்தேன். அரிசி எடுக்க வந்தவள் கையில் அது தட்டுப்பட்டிருக்கிறது. வெளியே எடுத்து, துடைத்து, டேபிள் மேல் வைத்துவிட்டுப் போனாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன்.

நான் மட்டும் எடுத்துக்கொண்டு கிருபாகரன் கடைக்குப் போனேன். இன்றைக்கு முழுதாகக் கழற்றினான். ஓட்டையிலிருந்து இரண்டு அரிசி விழுந்தது. குனிந்து பார்த்தவன் மூக்கை உறிஞ்சினான்.

"என்னுங்கண்ணா, உள்ள சந்தன வாசம் அடிக்குது?"

அப்புறம் எங்கே மறைப்பது? ஷாம்புத் தண்ணீர், டூத் பிரஷ், சந்தனம், மஞ்சள் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட ஏனுங்கண்ணா, அன்னைக்கே சொல்லக் கூடாதுங்களா?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே ஈரம் தங்கி, கரண்ட் போகிற இடமெல்லாம் பச்சையாகப் பூத்துவிட்டதாம். பரீட்சைக்காக அவள் அதை ஓட்ட ஓட்ட இன்னும் மோசமாகியிருக்கிறது. இனி அது தேறாது என்று கையில் கொடுத்துவிட்டான்.

அக்டோபர் 9, வியாழன்

கம்பெனிக்காரர்களிடமிருந்து அவள் போனுக்கு மெயில் வந்தது. எடுக்கவில்லை. மெயிலை என்னிடம் நீட்டினாள். இங்கிலீஷில் என்னென்னவோ இருந்தது. கடைசியில் நன்றி என்று போட்டிருந்தான்.

இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"கலா, தண்ணியிலதான் தொடச்சேன். தூசின்னு சொன்னது பொய்."

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"அன்னைக்கு மார்க்கெட்டுல இருந்து வந்தப்பவே பாத்தனுங்க. பிரஷ்ஷுல ஷாம்பு நொர அப்படியே இருந்துச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் விஜயதசமியன்னைக்குக் கேட்டனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பறம் ஏன் நீ கடையில சொல்லல? சொல்லியிருந்தா அவன் மாத்தியிருப்பானே! பரீட்ச எழுதியிருப்பியே!"

மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். என்னுடைய சட்டைதான் அது.

"நீங்க தூசின்னு சொல்லிப்போட்டீங்க. அந்த ஆள் முன்னால நான் இல்லைன்னு சொன்னா, நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிருமே. ஆடிக்கு எங்கண்ணன் முன்னால நீங்க என்னையப் பேசுனப்போ எனக்கு எப்புடி இருந்துச்சுன்னு எனக்குத்தான தெரியும். அத உங்களுக்குச் செய்ய மனசு வரலீங்க. சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "என்னையத் திட்டு கலா, நாலு வார்த்த திட்டிப்புடு" என்றேன்.

"வேணும்னு செஞ்சிருந்தீங்கன்னா திட்டலாமுங்க. எனக்குன்னு ஆசையாச் செஞ்சது இது ஒண்ணு. இதப் போய் எப்புடிங்க திட்டறது?" என்றாள். எழுந்து உள்ளே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

டேட்டா என்ட்ரி வேலையும் போயிற்று. அன்றன்றைக்கு முடித்துச் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய வேலை அது. இத்தனை நாள் அனுப்பாததால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். காய் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

புது லேப்டாப் வாங்கலாம், கிளம்பு என்றேன். "எதுக்குங்க இப்ப? அதுல செய்யறதுக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்றாள்.

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் மிருதுளா போன் பண்ணி, "அம்மா ஏம்ப்பா டல்லாப் பேசுது?" என்று கேட்டாள். தீபாவளி வேலை அதிகம் என்றேன். பாருங்கள், இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை. போனை வைத்த கையோடு திரும்பக் கூப்பிட்டு நடந்தது அத்தனையும் சொன்னேன். "போங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளி திங்கட்கிழமை. காஜா எடுக்க வேண்டிய சட்டைப் பீஸ் மலையாகக் குவிந்து கிடக்கிறது. பானு போடிநாயக்கனூர்க்காரி, பஸ் கிடைக்காது என்று இன்று காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இந்த நேரத்தில் திருப்பூரில் ஆள் தேடுவது நடக்கிற காரியமா? யார்மேலோ இருக்கிற எரிச்சலையெல்லாம் அயர்ன் டேபிள்மேல் காட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கலாமணி வந்து நின்றாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள், பஞ்சு படாமல் இருக்க.

"அந்தக் காஜா மிஷின எனக்குச் சொல்லிக் குடுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கேட்டது அதுதான். வெளியாளை வைத்து ஏன் கஷ்டப்பட வேண்டும், நீ வந்து ஒரு மிஷினில் உட்கார் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன், எத்தனை தரம் சண்டை போட்டிருப்பேன்! எனக்குப் படிப்பு இருக்குதுங்க, என்னால ஆபீஸ் வேல செய்ய முடியுமுங்க என்று அத்தனை தரமும் மறுத்தவள் அவள்.

"வேண்டாம் கலா. நீ வீட்டுக்குப் போ. நான் எப்படியாச்சும் பாத்துக்கறேன்."

"வீட்ல போய் என்னுங்க பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். சொல்லிக் கொடுத்தேன். துணியை எங்கே நிறுத்துவது, பெடலை எப்போது மிதிப்பது, விரலை எவ்வளவு தள்ளி வைப்பது. இரண்டு பீஸ் வீணாக்கினாள். மூன்றாவது சரியாக வந்தது.

அக்டோபர் 18, சனி

காலை எட்டு மணிக்கே என்னோடு வண்டியில் வந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் பானுவின் வேகம் வந்துவிட்டது. அவள் விரல் போகிற போக்கைப் பார்த்தால், கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் கேட்டது ஞாபகம் வருகிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க, தேவையில்லாத வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன்.

சாயங்காலம் நாச்சிமுத்து பீஸ் எடுக்க வந்தார். எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின் சூப்பர்வைசர். புதிதாக வந்தவர், எங்கள் வீட்டுக்கெல்லாம் வந்ததில்லை. முடிந்த சட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மிஷின் பக்கம் திரும்பினார்.

"அட, புது ஆளுங்களா? கை நல்லா ஓடுதே!"

என் வீட்டுக்காரிங்க, டிகிரி முடிச்சவங்க, ஆபீஸ் வேலைக்குப் போக வேண்டியவங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியானால் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பாரே என்று பயந்து கொஞ்சம் நிறுத்தினேன்.

அதற்குள் கலாமணி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆமாங்க, புது ஆளுதானுங்க" என்றாள்.

"நல்ல ஆளாச் சிக்கியிருக்குதுங்க, உட்றாதீங்க" என்று என் தோளில் தட்டினார் நாச்சிமுத்து.

சரிங்க என்றேன். கலாமணி அடுத்த சட்டையை எடுத்தாள்.